முழுக் கோதுமை

மனித குலத்தை மைதாவின் பிடியிலிருந்து மீட்கும் பெரும்பணி ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் இந்தச் சமையலறையில்தான் நடக்கிறது. இப்போதைக்கு மீட்பரின் மூக்கு நுனியில் மாவு ஒட்டியிருக்கிறது. "முழுக் கோதுமை பீட்சா! கடையில கோடி கொடுத்தாலும் கிடைக்காது," என்கிறார் அந்த உணவு ஆலோசகர். ஜன்னலில் சாயும் வெயில் தக்காளிச் சாற்றின் மேல் பளபளக்கிறது. சூடேறும் மின்னடுப்பு டிக் டிக்கென்கிறது. குடைமிளகாய் நறுக்கும் மகள் பெருமையாகச் சிரிக்கிறாள். விருந்துக்கு வந்த மைத்துனர் இருபது வருடமாக பேக்கரி நடத்துகிறவர். கை சும்மா இருக்காமல் மாவில் கொஞ்சம் பிய்த்து விரல்களால் விரிக்கிறார். அது கிழியாமல் கண்ணாடித்தாள் போல விரிகிறது. அதன் வழியே ஜன்னல் கம்பி தெரிகிறது. "மச்சான், முழுக் கோதுமை இந்நேரம் கிழிஞ்சிருக்கணுமே." "நல்லா பிசைஞ்சிருக்கேன்ல!" "பிசைஞ்சா கழுதை குதிரையாயிடுமா?" மகளின் கத்தி நிற்கிறது. "மைதா விஷம்னு ஸ்கூல் மேடையில பேசினேனேப்பா. நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க?" ஆலோசகர் ஏற்கெனவே சுத்தமாக இருக்கும் சமையல் மேடையைத் துணியால் அழுத்தித் துடைக்கிறார். காதுமடல்கள் சிவக்கின்றன. "வெறும் கோதுமைன்னா யாரும் ரெண்டாவது துண்டு கேக்கறதில்லையேம்மா. அதான் கொஞ்சம் சேர்த்தேன்." "கொஞ்சம்னா எவ்வளவு?" அவர் துடைத்துக்கொண்டே இருக்கிறார். மாவு முழுக்க மைதாதான். நிறத்துக்காக இரண்டு கரண்டி கோதுமைத் தவிடு போட்டிருக்கிறார்.