பிரேக் சார்

"அன்னைக்கு மேட்ச்ல நான்..." என்று ஆரம்பித்து, நான்காவது முறையாக நிறுத்திக்கொண்டார் கோச். எதிரே ஆள் யாருமில்லை. கை கழுவும் தொட்டிக்கு மேல் மாட்டியிருந்த கண்ணாடிதான். அதனிடமே சொல்ல வாய் வராதவர், அறைக்கு வரப்போகிறவளிடம் எப்படிச் சொல்லப் போகிறார்?

இன்றோடு பணி ஓய்வு. காலையில் கிளம்பும்போதே மனைவி கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தாள். "இன்னைக்கு விட்டா அப்புறம் சொல்லவே மாட்டீங்க. சொல்லிட்டு வாங்க. இல்லேன்னா வீட்டுக்கே வராதீங்க."

மனைவிக்கு சாஃப்ட்பாலில் அ, ஆ தெரியாது. எந்த மேட்ச்சுக்கு வந்தாலும் பந்தைப் பார்க்க மாட்டாள், புருஷனைத்தான் பார்ப்பாள். ஜெயித்தோமா தோற்றோமா என்பதைக்கூட அவர் முகத்தை வைத்தே கண்டுபிடித்துக்கொள்வாள்.

முப்பத்தொரு ஆண்டுகள் கல்லூரிப் பெண்களுக்கு விளையாடச் சொல்லிக் கொடுத்ததற்கு அத்தாட்சியாக, அறை அலமாரியில் பதினொரு கோப்பைகள் இருந்தன. ஒன்றுகூட முதல் பரிசு இல்லை. பந்தை அடித்துவிட்டு நான்கு பேஸ்களையும் சுற்றி ஓடுகிறவளுக்குப் பந்து முதுகுக்குப் பின்னால் இருக்கும்; திரும்பிப் பார்த்தால் வேகம் போய்விடும். அதனால் மூன்றாவது பேஸ் அருகே நிற்கும் கோச் 'ஓடு' என்றால் ஓட வேண்டும், 'நில்லு' என்றால் நிற்க வேண்டும். இவரோ, நடந்தே போய்ச் சேரக்கூடியவளையும் நிறுத்திவிடுவார் என்று முதல் ஆண்டுப் பிள்ளைகளே 'பிரேக் சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. நாளை முதல் அந்த அறைக்குச் சொந்தக்காரியாகப் போகும் புதிய கோச் வந்து நின்றாள். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் இவருடைய அணியிலேயே மின்னலாக ஓடியவள். இப்போது இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடக்கிறாள்.

அன்று இறுதிப் போட்டி. கடைசி இன்னிங்ஸ். மூன்றாவது பேஸைத் தாண்டிப் பறந்தவள், கடைசி பேஸில் பந்தோடு காத்திருந்த கேட்சர் மீது மோதித் தலைகுப்புற விழுந்தாள். கோப்பை போனது, முழங்கால் போனது, அந்த ஓட்டத்தின் நினைவுகூட அவளுக்கு இல்லாமல் போனது. ஆஸ்பத்திரியில் கண் விழித்து, "எப்படி சார் ஆச்சு?" என்று கேட்டவளிடம், "நான்தான் ஓடச் சொன்னேன்மா" என்று தலை குனிந்தார் கோச்.

அவள் அப்பா அவரை அறையை விட்டு வெளியே போகச் சொன்னார். கல்லூரியோ, மைதானத்தை விட்டே போகச் சொன்னது. நான்கு ஆண்டுகள் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து ஸ்கிப்பிங் கயிறுகளின் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்த பிறகுதான், வேறு ஆள் கிடைக்காமல் திரும்பக் கூப்பிட்டார்கள். அவளும் வேறொரு கல்லூரிக்குக் கோச் ஆனாள். ஒரே மைதானத்தில் எதிரெதிரே எத்தனையோ முறை நின்றும் இருவரும் பேசிக்கொண்டதில்லை.

"உக்காரும்மா." நாற்காலியை இழுத்துப் போட்டார். "பாத்து. ஒரு கால் கொஞ்சம் ஆடும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எனக்கும்தான் சார்" என்று சிரித்தபடி உட்கார்ந்தாள் அவள். "ஏதோ பேசணும்னு சொல்லி அனுப்புனீங்களாமே?"

"ஆமாம்மா. அன்னைக்கு மேட்ச்ல நான்..."

"வேண்டாம் சார். முதல்ல நான் சொல்லிடறேன்." அவள் முழங்காலைத் தடவிக்கொண்டாள். "மூணு வருஷம் உங்களைத் திட்டித் திட்டித்தான் நடக்கப் பழகினேன். ஒரு அடிக்கு ஒரு திட்டு. பிசியோதெரபி பண்ற அம்மாவே காதைப் பொத்திப்பாங்க."

"அவ்வளவு மோசமா?"

"அச்சுல ஏத்த முடியாது சார்."

கோச் சிரித்தார். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

"இங்க வேலைக்கு லெட்டர் வந்தப்ப ஒக்காந்து யோசிச்சேன் சார். அது என் தப்பா இருந்திருந்தா நான் எந்திரிச்சே இருக்க மாட்டேன். டீமையே தோக்கடிச்சவள்னு நெனச்சு நெனச்சே படுத்திருப்பேன். உங்க மேல இருந்த கோபம்தான் என்னைத் தூக்கி நிறுத்துச்சு. இப்ப அந்தக் கோபமும் இல்ல. நீங்க மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க. நான் எப்பவோ மன்னிச்சாச்சு."

கோச் வாயைத் திறந்தார். காலையிலிருந்து ஒத்திகை பார்த்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அவள் முகம், நெடுந்தூரம் சுமந்து வந்ததை அப்போதுதான் இறக்கி வைத்தவளின் முகமாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ரொம்ப நன்றிம்மா" என்றார் கடைசியில். சாவிக்கொத்தை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, அவள் வணக்கம் சொல்வதற்குள் வெளியே வந்துவிட்டார்.

கல்லூரி வாசலில் காரோடு காத்திருந்தாள் மனைவி. அவர் ஏறி உட்கார்ந்ததும், "சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"அவ என்னை மன்னிச்சிட்டாளாம்."

வண்டியைக் கிளப்பப் போன கையை மனைவி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப, அன்னைக்கு நீங்க நிக்கச் சொல்லித்தான் ரெண்டு கையையும் தூக்கினீங்கன்னு, கடைசி வரைக்கும் எனக்கு மட்டும்தான் தெரியணுமா?"