கேமராவுக்குப் பின்னால்

தங்கை வேடத்துக்கான தேர்வுக்கு வந்த பெண்ணிடம், "பயமா இருக்கா?" என்றாள் நோரீன்.

"ரொம்பவே. நீங்களும் நடிக்கத்தான் வந்தீங்களா?"

"ஹாலிவுட்டுக்கு அப்படித்தான் வந்தேன். மூணு வருஷமா தேர்வுக்கு வர்ற உங்களுக்கெல்லாம் கேமராவுக்குப் பின்னால நின்னு எதிர்வசனம் படிக்கிறதுதான் பொழப்பு. டைரக்டரைப் பார்க்காதே, என்னையே பாரு. இப்போ நான்தான் உன் அக்கா."

கேமரா ஓடியது.

"அம்மா சாகும்போது எங்கடி போயிருந்தே?" என்று நோரீன் கேட்டதும், அந்தப் பெண் நிஜமாகவே அழுதுவிட்டாள்.

அவள் வெளியே போனதும் டைரக்டர் ஹாலிஸ் மேஜையைத் தட்டினார். "கிடைச்சாச்சு!"

"அப்பாடா! நல்ல பொண்ணு சார். கூப்பிடறேன்" என்று நோரீன் கதவை நோக்கி ஓடினாள்.

"தங்கச்சியை அப்புறம் பார்த்துக்கலாம். காலையிலேருந்து வந்தவங்களையெல்லாம் அழவெச்சுட்டு, அக்கா வேஷத்துக்குக் கிடைச்ச நீ எங்கம்மா ஓடறே?" என்றவர், கேமராக்காரரிடம் திரும்பினார்.

"அதை இவ பக்கம் திருப்புய்யா!"