அந்தக் கைகளின் சம்பளம்

“வீடியோவில வாறவருக்கு என்ன சம்பளம் குடுத்தனீங்களோ, அதையே எனக்கும் தாங்கோ.”

முகாமையாளர் நிரூபன் தேநீர்க் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகாமல் அந்தரத்தில் பிடித்திருந்தார். பக்கத்துக் கதிரையிலிருந்த எம்.பி.யின் இணைப்பாளர் றெனால்டுக்குப் புரைக்கேறியது. காலையிலிருந்து நேர்முகத்துக்கு வந்த ஒருவரும் சம்பளம் என்ற சொல்லையே எடுக்கவில்லை.

எடுக்கக்கூடாது என்றுதான் றொஷேலுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மா மாக்கிறட் பஸ் ஏறும்வரை கூடவே வந்தாள். “என்ன வேணுமெண்டாலும் கதை பிள்ளை, சம்பளத்தை மட்டும் வாய் திறந்து கேட்டுப்போடாத.”

அம்மாவின் பயத்திலும் நியாயம் இருந்தது. குடும்பத்தில் முதன்முதல் கம்பஸ் போனவள் றொஷேல். முடித்துவிட்டு இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறாள். வெளிநாட்டிலிருந்து அப்பா அனுப்புகிற காசும் நின்றுவிட்டது. கேட்டால், பனி கூடிப் போச்சு, வேலை குறைவு என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிடுகிறார். இந்த வேலையும் இல்லையென்றால் தம்பியின் ரியூசனை நிற்பாட்ட வேண்டும்.

தோட்டவெளிக் கிராமத்தில் புதிதாக எழும்பிய அந்தத் தொழிற்சாலையில் கார்களுக்கு வயர்க் கட்டுகள் செய்கிறார்கள். கார்க் கொம்பனி தன் சொந்த நாட்டில் இருந்ததை மூடிவிட்டு வேலையை இங்கே கொண்டுவந்திருந்தது. அங்கே பாராளுமன்றத்தில் ஒரே அடிபிடி. எங்கள் வேலையை ஆசியாக்காரர் பறித்துவிட்டார்கள் என்று ஒரு பக்கம். மலிவாகச் செய்யாவிட்டால் கொம்பனியே மிஞ்சாது என்று மறுபக்கம். இங்கே சண்டைக்கு இடமில்லை. வேலையைக் கொண்டுவந்தவர் எங்கள் எம்.பி.தான் என்று வாசலை மறைத்துப் பனர் கட்டியிருந்தார்கள்.

“தங்கச்சி, அது அங்கத்தைய சம்பளம்,” என்றார் நிரூபன். “அதைக் குடுக்கிறதெண்டா வேலை ஏன் இஞ்ச வருது?”

“வேலை அதேதானே, சேர்?”

“வேலை அதேதான்.”

“வயரும் அதே வயர். காரும் அதே கார். ஆள் மட்டும் மலிவோ?”

கம்பஸுக்கு அனுப்பினால் இதுதான் கரைச்சல் என்று றெனால்ட் முகட்டைப் பார்த்துச் சொன்னார். வெயிலில் கருவாடு காயப்போட வேண்டிய பிள்ளைகளுக்கு ஏசிக்குள் வேலை எடுத்துக் கொடுத்தால், அதற்கும் நியாயம் கதைக்கிறார்களாம்.

நிரூபனுக்கு அவளை விட மனமில்லை. சற்று முன்னர் பரீட்சைப் பலகையில் வயர் கட்டச் சொன்னபோது, வந்தவர்களுக்குள் அவள்தான் வேகம். மடிகணினியைத் திருப்பி, வீடியோவை மறுபடியும் ஓடவிட்டார்.

முகம் இல்லை. கறுப்புக் கையுறை போட்ட இரண்டு கைகள் மட்டும். வயர்களை அடுக்கி, வளைத்து, ஒட்டுநாடா சுற்றி, வெட்டி, அடுத்ததை இழுத்தன. வெட்டுகிற சின்னக் கத்தி ஒரு கயிற்றால் மணிக்கட்டோடு கட்டியிருந்தது.

“பாத்தீங்களே, கத்தி கீழ விழாது. தேடுற நேரம் மிச்சம். வெள்ளைக்காரன்ர மூளை.”

அவளுடைய ஊரான பேசாலைக் கரையில் மீன்பிடிக்கப் போகிறவர்களும் கத்தியை இப்படித்தான் கட்டுவார்கள், கடலில் விழுந்தால் போனதுதான் என்று. றொஷேல் கதிரையை முன்னுக்கு இழுத்தாள். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இடக்கைச் சின்னி விரலைக் கவனியுங்கோ. மடக்கவே மாட்டான். அப்பிடி நீட்டிப் பிடிச்சாத்தான் வயர் வழுக்காது. அதுதான் டெக்னிக்.”

அவர் பெருமையோடு கண்ணாடிச் சுவரின் திரைச்சீலையை விலக்கினார். கீழே மண்டபத்தில் பயிற்சிக்கு வந்த பெண்கள் வரிசையாக நின்று ஒட்டுநாடா சுற்றிக்கொண்டிருந்தார்கள். கியூடெக்ஸ் காயவிடுகிறவர்களைப்போல அத்தனை பேரின் இடக்கைச் சின்னி விரலும் ஆகாயத்தைப் பார்த்து நின்றது. ஒருத்தியின் விரல் களைத்து மடங்கிவிட, மேற்பார்வையாளர் ஓடிவந்து அதை நிமிர்த்திவிட்டார்.

“அவர் இப்ப எங்க?” என்று கேட்டாள் றொஷேல்.

“ஆர்?”

“வீடியோவில நிக்கிறவர்.”

நிரூபன் கையை விரித்தார். அந்த இடத்தை மூடி, எல்லோரையும் நிற்பாட்டியாகிவிட்டது. மூட முதல், இருந்ததிலேயே திறமான கையாகப் பார்த்துப் படம் பிடித்தார்களாம். எதற்கு என்று ஆளுக்குச் சொல்லவில்லையாம். சொன்னால் ஒழுங்காகச் செய்து காட்டுவானா என்று அவர் சிரித்தார். றெனால்டும் சேர்ந்து சிரித்தார்.

“சரி தங்கச்சி, உங்களை லைன் லீடராப் போடுறன். மற்றவையைவிடக் கொஞ்சம் கூட்டித் தாறன். நாளைக்கே வாங்கோ. முதல் வேலை, கீழ நிக்கிற பிள்ளையளுக்கு உந்த விரலைப் பழக்கிறது.”

றொஷேல் எழுந்து கைப்பையைத் தோளில் கொழுவினாள். கதிரையை மேசைக்குள் ஒழுங்காகத் தள்ளிவிட்டுக் கதவை நோக்கி நடந்தாள்.

“என்ன, கேட்ட சம்பளம் தராட்டி வரமாட்டீரோ?” என்றார் றெனால்ட்.

“தந்தாலும் வரமாட்டன்.”

கதவைத் திறந்தவள் ஒரு கணம் நின்றாள். “சேர், அந்தப் பிள்ளையளை விரலை மடக்கச் சொல்லுங்கோ. அது டெக்னிக் இல்ல. திருக்கை முள்ளுக் குத்தி மடியாமப் போன விரல்.”

“அது உமக்கு எப்பிடித் தெரியும்?”

அவள் அதற்குள் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

“அது என்ர அப்பா.”