பச்சை ஊர்

"களவு குறைஞ்ச ஊரெல்லாம் இந்த வரைபடத்தில பச்சை. உங்கட தோணித்துறையில ஆறு மாசமா ஒரு வலைகூடக் களவு போகல்ல. அதனால உங்களுக்குத் தாறதெண்ட ரோந்துப் படகை அடுத்த ஊருக்குக் குடுக்கிறம்" என்றார் ஆய்வு அதிகாரி நிரூபன்.

மீனவர் சங்கக் கூட்டத்தில் இருந்த தர்மினி எழுந்தாள். "ஆரைக் கேட்டு மாத்துறீங்க?"

"முறைப்பாடே இல்லையே அக்கா. பொலிஸுக்குப் போகப் பயமா?"

"பயமா? முந்தி நடந்து நடந்து செருப்புத்தான் தேஞ்சது. ஒருத்தரும் வரல்ல."

"இப்ப களவு நிண்டுட்டுதுதானே?"

"ஓம், நிண்டுட்டுது!" வாவிக்கரையைக் காட்டிக் கத்தினாள் தர்மினி. அங்கே தோணிகளெல்லாம் கவிழ்ந்து கிடந்தன.

"ஆறு மாசத்துக்கு முதல் ஊரில மிஞ்சின கடைசி வலையையும் கொண்டு போயிட்டானுகள். இனி எதைக் களவெடுக்கிற, சேர்?"