சுவரோரக் குவியல்

“சருகு கிடந்தா நம்ம வீட்டுக்குத் தீயணைப்பு வண்டி வராதாம்மா?” என்று ஹெப்சிபாவிடம் மகள் ஒருநாள் கேட்டாள். வராதுதான். தினமும் மாலையில் தீயணைப்புத் துறையின் ட்ரோன் வந்து பார்க்கும். காய்ந்த புதர் உள்ள வீட்டின் கூரையில் சிவப்பு விளக்கு எரியும். அந்த வீடு தீப்பற்றினால் யாரும் அணைக்க வரமாட்டார்கள்.

அன்று எதிர்மலையில் புகை. அடுத்த வீட்டு லிங்கன், மனைவியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். வெட்டிக் காய்ந்துபோன உண்ணிச்செடிப் புதர்களைச் சுவரோரம் குவித்துத் தார்ப்பாயால் மூடியிருந்தார்.

“ட்ரோன் சூட்டைப் பாக்கும் அண்ணே, தார்ப்பாய்க்கு ஏமாறாது,” என்றாள் ஹெப்சிபா.

“ட்ரோனுக்கு நீ வக்கீலா? பஸ் வந்துருச்சு, போ தாயி!”

பஸ் போனது. புகை பள்ளத்தில் இறங்கியது. போன கோடையில் அவள் இரண்டாவது பிரசவத்துக்குப் போயிருந்தபோது அவள் தோட்டத்தைச் சுத்தம் செய்தவர் லிங்கன்தான். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஹெப்சிபா குவியலைக் கட்டுக்கட்டாக இழுத்துப் போய்த் தெருமுனையில் செடிகொடிகளை அரைக்க வைத்திருந்த இயந்திரத்தில் போட்டாள். முள் கையைக் கிழித்தது. கடைசிக் கட்டை உள்ளே தள்ளும்போது தலைக்குமேல் ட்ரோன் இரைந்தது. லிங்கனின் கூரையைப் பார்த்தாள்.

பச்சை விளக்கு எரிந்தது.

கர்த்தருக்கு நன்றி சொல்லி, கையில் வழிந்த ரத்தத்தைக் குழாயடியில் கழுவிக்கொண்டு, பஸ் திரும்பி வருமுன் அவள் தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.