பலூன் கடையில் ஒரு கடகட

திருவிழாவில் பலூன் சுடும் கடைக்கு ஒரு பழைய துப்பாக்கி வந்து சேர்ந்தது. பல கை மாறி வந்த அதற்கு, இந்தக் கடையிலாவது நிலைத்துவிட வேண்டும் என்று ஆசை.

"சுடுறதுக்கு முன்னாடி எங்கே லூசா இருக்குன்னு பார்த்துடணும்" என்று திருப்புளி வந்து அதைத் தட்டியது. கடகடவென்று சத்தம் கேட்டது.

"பார்த்தியா, உன் பிடிக்கட்டை ஆடுது" என்று அதன் ஸ்க்ரூவை முறுக்கியது. மறுபடி தட்டினால் மறுபடியும் கடகட. குறிபார்க்கும் முனையை இறுக்கியது, விசையை இறுக்கியது. சத்தம் மட்டும் அடங்கவில்லை.

"உன்னைப் பழைய இரும்புக்குப் போடத்தான் லாயக்கு" என்றது திருப்புளி. துப்பாக்கி கூனிக் குறுகிப் போயிற்று.

பலகையில் தொங்கிய குண்டுப் பலூன் மெல்லக் கேட்டது: "அண்ணே, எதையும் தொடாம உங்க தலையைக் கொஞ்சம் ஆட்டுங்களேன்."

திருப்புளி ஆட்டியது. கடகட. கைப்பிடிக்குள் அதன் கம்பிதான் ஆடிக்கொண்டிருந்தது.

துப்பாக்கிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பலூனோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, டப்பென்று வெடித்தே போயிற்று.

சத்தம் கேட்டு ஓடிவந்த கடைக்காரர் துப்பாக்கியைத் தடவிக்கொடுத்தார். "ஆளே இல்லாம சுட்டாலும் குறி தப்பலையே."

துப்பாக்கி வாயே திறக்கவில்லை.