மூன்று கம்பி, இருபத்தொரு துண்டு

“ஒரு துண்டுகூட மிச்சமாகக் கூடாதுண்ணே” என்று, எக்செல்லில் போட்டு அச்செடுத்த தாளை வெல்டரிடம் நீட்டினாள் அவள்.

இருபதடிக் கம்பி மூன்று. ஒவ்வொன்றிலும் இரண்டடி பத்தங்குலத்தில் ஏழு துண்டு. வெட்டும் பிளேடு தின்கிற தூளைக்கூடச் சேர்த்திருந்தாள். கடைசியில் நிற்பது ஒரே அங்குலம்.

“கஞ்சத்தனத்தைக் கட்டம் போட்டுக் காட்டுற ஆளை இன்னைக்குத்தாம்மா பாக்குறேன்.”

அவள் சிரிக்கவில்லை. “பலகை வெட்டுற கம்பெனியில இதுதான் என் வேலை. இது காசுக்காக இல்லண்ணே. வீட்டுல கம்பி கிடந்தா யார் கைக்காவது கிடைக்கும்.”

உள்ளறை வாசலுக்கு ஒரு கம்பிக் கதவு. அதுதான் வேலை. சட்டத்தை அவர் பட்டறையிலேயே செய்து கொண்டுவந்திருந்தார். வாசலில் ஏற்கெனவே இருந்த மரக்கதவு பிளந்து, சிம்புகள் அறைக்குள் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. மேலே தகரத்தை வைத்து ஆணியடித்திருந்தது.

அறைக்குள் ஒரு பாய், தண்ணீர்க் குடம், மூடி போட்ட வாளி. ஜன்னலுக்கும் கம்பி. வெல்டர் பிளந்த கதவைத் திரும்பவும் பார்த்தார். எவரையோ அடைத்து வைத்து, அவர் முட்டி மோதிய கதவு போலிருக்கிறது.

“உள்ள யாரும்மா இருக்கப்போறது?”

“ஒரு ஆளுதான்.”

“மேலுக்குச் சரியில்லாதவங்களா?”

“அஞ்சு மணிக்குள்ள முடியணும்ண்ணே.”

அவர் வெட்ட வெட்ட, அவள் எண்ணி அடுக்கினாள். ஓரங்குலக் கட்டைகள் மூன்றையும் பொறுக்கி அவருடைய பையிலேயே போட்டாள். நிமிடத்துக்கொரு தரம் கடிகாரத்தைப் பார்த்தாள்.

இருபத்தொன்றும் சட்டத்தில் ஏறின. தாழ்ப்பாளைக் கையில் எடுத்ததும் வெல்டருக்கு வேலை ஓடவில்லை. நாளைக்கு இதற்குள் ஓர் உயிர் கிடந்து கதறினால், போலீஸ் முதலில் தேடுவது கதவு செய்தவனைத்தான்.

“இந்தாம்மா, நானும் பிள்ளைகுட்டிக்காரன். யாரைப் பூட்டப்போறேன்னு சொல்லு. இல்லேன்னா தாழ்ப்பாள் வைக்கமாட்டேன்.”

அவள் முகம் செத்துப்போனது. “அது இல்லாம இத்தனையும் எதுக்குண்ணே? கையெடுத்துக் கும்பிடுறேன். உள்பக்கமா வச்சிடுங்க.”

“உள்பக்கமா?”

“உள்பக்கம்தான்.”

குழப்பத்தோடு பற்றவைத்துவிட்டு வெளியே வந்தார். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

“தொடாதம்மா, சுடும்.”

முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு தாழ்ப்பாளைத் தள்ளினாள். கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. காலையிலிருந்து முதல் தடவையாக மூச்சை முழுசாக விட்டாள்.

தெருமுனையில் ஒரு பைக் திரும்பும் சத்தம் கேட்டது.

“அவர் வந்துட்டார். நீங்க பின்வாசல் வழியா போயிடுங்கண்ணே.”